நோம்பி ராத்திரி: பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே

சொந்தங்களுக்கு வணக்கமுங்க.

நம்ம ஊர் நோம்பி (திருவிழா) பூச்சாட்டித் தொடங்க இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. நோம்பி ராத்திரியில் குடித்துவிட்டு நடக்கும் தகராறைத் தடுக்க, குடிக்கு எதிராகப் பேனர் கட்டலாம், பேச்சாளரைக் கூப்பிடலாம் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். அந்தப் பணத்தைச் சோற்றுக்கும் வெளிச்சத்துக்கும் போடுவோம் என்பது என் கருத்து.

டாஸ்மாக் இரவு 10 மணிக்கு மூடும். கோயில் கம்பத்தைச் சுற்றி ஆடும் கம்பத்தாட்டம் 9 மணிக்குத் தொடங்கினால், பசங்க ஒன்பதரைக்கு ஓடிப்போய் வாங்கி, களத்து மேட்டிலோ வாய்க்கால் கரையிலோ வெறும் வயிற்றில் மளமளவென்று குடித்துவிட்டு வருவார்கள். போதை உச்சத்துக்கு ஏற அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். தகராறு பத்தரைக்கு மேல் வெடிப்பது அதனால்தான். ஆட்டத்தை 7 மணிக்கே தொடங்கி 10 மணிக்கு முடிக்க வேண்டும். அதற்கு மேல் ஒலிபெருக்கி வைக்கச் சட்டமும் இடம் கொடுக்காது. 8 மணிக்கு எல்லாருக்கும் சோறு; வயிறு நிறைந்திருந்தால் போதை மெதுவாகத்தான் ஏறும். பந்தி பரிமாறும் வேலையைப் பசங்களிடமே கொடுங்கள். களத்து மேட்டுக்கு நாலு ஃபோகஸ் லைட் போதும்.

சண்டை மூண்டால் விலக்க, ராத்திரிக்கு ஆறு பேர், இரண்டிரண்டாக. ஊருக்குள் இருப்பவர்களை மட்டும் வைத்துக் குழு போடாதீர்கள். காலனி ஆட்களும் சரிபாதி வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பையன்களின் வாய்த்தகராறு விடிவதற்குள் சாதிச் சண்டையாகிவிடும். குடித்தவனிடம் நியாயம் பேசக் கூடாது, கை வைக்கவும் கூடாது. தாய்மாமனோ பங்காளியோ ஒருத்தர் மட்டும் பக்கவாட்டில் நின்று, பேர் சொல்லித் தணிந்த குரலில் கூப்பிட்டு, கூட்டாளிகளின் கண்ணுக்கு மறைவாக நடத்திக் கூட்டிப் போக வேண்டும். பார்க்க ஆள் இருக்கும்வரை அவன் இறங்கிவர மாட்டான். வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், காலையில் கேட்டாலும் உடனே தராதீர்கள். ஒரு குவார்ட்டர் உடம்பை விட்டுப் போக ஆறேழு மணி நேரமாவது ஆகும். மோரும் எலுமிச்சையும் அதை விரட்டாது. விழுந்து கிடப்பவனை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுப்பியும் எழாவிட்டால் 108.

தினமும் குடிப்பவர் நோம்பி விரதத்துக்குக் காப்புக் கட்டியதும் குடியை ஒரேயடியாக நிறுத்திவிடுவார். இரண்டு நாளுக்குள் கை நடுக்கம், வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாள் இல்லாததைக் கண்டு உளறலாம். சாமி வந்துவிட்டது என்று வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்டவர்களைக் காப்புக் கட்டுவதற்கு ஒரு வாரம் முன்னாடியே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். டாக்டர் கொடுக்கும் மாத்திரையோடு குடியை நிறுத்தினால் விரதமும் நிலைக்கும். இதை வீட்டுப் பெண்களிடம் முதலில் சொல்லுங்கள், அவர்களுக்குத்தான் யார் எவ்வளவு குடிக்கிறார் என்று தெரியும்.

சந்துக்கடை (திருட்டுத்தனமாகச் சரக்கு விற்பது) நடந்தால் மதுவிலக்குப் போலீஸின் 10581-க்குச் சொல்லுங்கள். இடம், நேரம், வண்டி விவரம் போதும். நேரில் போய் மல்லுக்கட்ட வேண்டாம்.

1937 அக்டோபர் 1-இல் அன்றைய சென்னை மாகாணத்திலேயே முதலில் மதுவிலக்கு வந்தது சேலம் ஜில்லாவில்தான். அதைத் திரும்பக் கேட்பது நியாயம்தான், மே 1 கிராம சபையில் தீர்மானமும் போடலாம். ஆனால் அது இந்த நோம்பிக்குள் நடக்காது.

21 வயசு ஆகாதவனுக்குச் சரக்கு விற்கக் கூடாது என்பது சட்டம். கடை கொடுக்காவிட்டால் பெரியவர்கள் வாங்கிக் கொடுக்கிறார்கள். லீவில் வருகிற நாமும் ஏர்போர்ட் பாட்டிலைப் பெட்டியில் வைத்து வந்து ‘ட்ரீட்’ என்று உடைக்கிறோம். இந்த முறை ஒருத்தரும் கொண்டுவர வேண்டாம். பந்திச் செலவுக்கு யார் யார் எவ்வளவு என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.