நாட்டுக் கணக்கைத் திருத்த வழி சொன்னவர்கள்: நம்ம செட்டிநாட்டுப் பக்கம் நீங்கள் சந்தித்ததை எழுதுங்கள்

கல்லுக்கட்டி வாசி:

டீக்கடையில் உட்கார்ந்து நாட்டைத் திருத்தாத ஆள் நம் ஊரில் கிடையாது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வரி கட்டுகிறவன் பேசத்தான் செய்வான். ஆனால் எப்போதாவது ஒருவர் வெறும் கோபத்தோடு நிறுத்தாமல், இந்த இடத்தில் இப்படி மாற்றினால் சரியாகும் என்று வழியும் சொல்வார். அப்படி ஒருவரை நீங்கள் சந்தித்திருந்தால் இங்கே எழுதுங்கள். முதலில் நான் சந்தித்தவர்.

2025 பிப்ரவரி, பட்ஜெட் வந்த மறுநாள். பல்லவன் ரயிலில் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் எண்பதை நெருங்கும் பெரியவர். சின்ன வயதில் பினாங்கில் செட்டியார்கள் கடை நடத்திய கிட்டங்கி ஒன்றில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்து, கணக்குப் பார்க்கும் ஆளாக ஊர் திரும்பியவர். பேப்பரில் வழக்கமாகப் போடுவார்களே, அரசுக்கு ஒரு ரூபாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஒரு வட்டப் படம், அதை மடியில் விரித்துப் பென்சிலால் இரண்டு எண்களைச் சுழித்து வைத்திருந்தார். வரவில் கடன் 24 காசு. செலவில் வட்டி 20 காசு.

"கடன் வாங்குறது தப்பில்லை தம்பி. நம்ம பக்கம் கொடுத்து வாங்கியே பொழச்ச பக்கம். எதுக்கு வாங்குனோம், அது இன்னைக்கு என்ன மதிப்புல நிக்குது, யார் யாருக்கு இன்னும் பாக்கி, இந்த மூணும் ஏட்டுல இருக்கணும். இவுக ஏட்டுல மூணாவது கெடையாது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். நம் மத்திய, மாநில அரசுகள் எழுதுவது ரொக்கக் கணக்கு. இந்த வருஷம் கையை விட்டுப் போன பணம் மட்டும்தான் செலவு. சரக்கு வாங்கியாகிவிட்டது, வேலை முடிந்துவிட்டது, பில் மேசையில் இருக்கிறது, ஆனால் பணம் கொடுக்கவில்லை என்றால் அது இந்த வருஷச் செலவில் வராது. பற்றாக்குறையும் அந்த அளவுக்குக் குறைவாகத் தெரியும். மார்ச் மாதக் கடைசியில் பில்கள் ஏன் நகர மறுக்கின்றன என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், அவர் சொன்னது சரிதான். இதைவிடப் பெரிய உதாரணமும் கிடைத்தது. உணவு மானியத்துக்கு அரசு தர வேண்டிய பணத்தை முழுதாகத் தராமல், இந்திய உணவுக் கழகத்தையே சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்க வைத்தார்கள். நாம் தபால் ஆபீசில் போட்ட பணம்தான் அது. அந்தக் கடன் பட்ஜெட் பற்றாக்குறையில் தெரியவே இல்லை. 2021 பட்ஜெட்டில்தான் அந்தப் பழக்கத்தை நிறுத்தி, பழைய கடனையும் கணக்கில் கொண்டுவந்தார்கள். 2020-21க்கு முதலில் சுமார் 1.15 லட்சம் கோடி என்று போட்டிருந்த உணவு மானியம், திருத்திய மதிப்பீட்டில் சுமார் 4.22 லட்சம் கோடி ஆனது. கொரோனாக் கால இலவச தானியமும் அதில் உண்டு, ஆனால் பழைய பாக்கியைத் தீர்த்ததற்கும் அதில் பெரிய பங்கு. வெளிப்படையாகக் காட்டியதற்காக அன்றைக்குச் செய்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். அத்தனை வருஷம் காட்டாமல் இருக்க முடிந்ததே, அதுதான் கவலை.

பெரியவர் சொன்ன வழி இதுதான். அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன ஏஜெண்டுக்கு மூன்று வருஷத் தவணை. தவணை முடிந்தால் ஐந்தொகை, அதாவது மொத்த வரவு, செலவு, பாக்கிப் பட்டியல் எடுத்து, வர வேண்டியது, கொடுக்க வேண்டியது, வசூலாகாது என்று தெரிந்தது எல்லாவற்றையும் அடுத்து வருகிறவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பல் ஏற முடியும். "அஞ்சு வருஷத்துக்கு நாட்டையே ஒப்படைக்கிறோம். எறங்குறப்ப பாக்கி லிஸ்ட் கேக்குறதில்ல. தேர்தலுக்கு முந்தி அந்த லிஸ்டைத் தணிக்கை பண்ணி ஊர் முன்னால வைக்கணும். வச்சாத்தான் ஓட்டு" என்றார்.

1937 பிப்ரவரி 10 அன்று ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊரில் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைத் திறந்த எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியாரின் மண் இது. இங்கே ஒரு கணக்குப்பிள்ளை இப்படிப் பேசுவதில் ஆச்சரியமில்லை. டெல்லியில் இதைப் பேச ஆள் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

ஆத்தங்குடிப் பட்டறை:

அண்ணே, பாக்கி என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தரையில் பதிக்கும் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, சின்னக் கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வண்ணமாகச் சாயச் சிமெண்டை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கும்போது கை நடுங்கினால் ஒரு நிறம் இன்னொன்றில் ஏறிவிடும். அப்புறம் மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, கலவையைப் போட்டு மட்டம் செய்து, காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் கிடக்க வேண்டும். இதில் எதையும் அவசரப்படுத்த முடியாது. கூலி மட்டும் சனிக்கிழமையானால் கொடுத்தே ஆக வேண்டும்.

ஒரு அரசுக் கட்டடத்துக்குக் கல் கொடுத்தேன். எந்தத் துறை என்பது இங்கே வேண்டாம். கல் பதித்து, விழா நடத்தி, தலைவர்கள் அந்தத் தரையில் நடந்து போட்டோ எடுத்துப் போய்விட்டார்கள். என் பில் ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தது. இதில் எனக்கு வயிறு எரிந்தது எதற்கென்றால், பில் போட்ட மாதமே ஜி.எஸ்.டி.யை என் கையிலிருந்து கட்டிவிட்டேன். சரக்குக்கு அப்படித்தான் சட்டம், பில் தேதிதான் கணக்கு, பணம் வந்த தேதி இல்லை. அரசு எனக்குத் தர வேண்டிய பணத்துக்கு நான் அரசுக்கு முன்கூட்டியே வரி கட்டியிருக்கிறேன். கட்டத் தாமதித்திருந்தால் வருஷத்துக்கு 18 சதவீத வட்டி. அதே ஜி.எஸ்.டி.யில் எனக்கு வர வேண்டிய ரீஃபண்டை அவர்கள் 60 நாளைத் தாண்டி இழுத்தடித்தால் தருவது பொதுவாக 6 சதவீதம்.

அந்த ஆபீஸ் வராந்தாவில்தான் நான் சொல்ல வந்த மனிதரைச் சந்தித்தேன். திருப்பத்தூர் பக்கத்துக்காரர், பள்ளிக்கூடங்களுக்கு பெஞ்சு செய்து தருகிறவர். மடியில் ஒரு ஃபைல், அதில் சட்டப் பிரிவுகளை நகல் எடுத்து அடுக்கி வைத்திருந்தார். 2006 சிறுதொழில் சட்டப்படி வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் பாங்க் வட்டியைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. அப்புறம் 2023ல் இன்னொரு பிடியும் போட்டார்கள்: காலத்தில் பணம் தராத கம்பெனி, அந்தத் தொகையை அந்த வருஷ வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. "கம்பெனிக்காரன் பயந்துட்டான் மாப்ளே. மார்ச்சுக்குள்ள செக்கு வருது. கவர்மெண்ட்டு ஆபீசு வருமான வரியே கட்டுறதில்லை, அது எதுக்குப் பயப்படும்?" என்றார். பார்த்த அஞ்சு நிமிஷத்தில் மாப்பிள்ளையாக்கிவிட்டார்.

அவர் யோசனை இரண்டு. ஒன்று, சிறுதொழிலுக்கு ஜி.எஸ்.டி. பணம் கைக்கு வந்தபின் கட்டினால் போதும் என்று மாற்ற வேண்டும். முடியாத காரியம் இல்லை. சேவை வரி இருந்த காலத்தில் 50 லட்சத்துக்கு உட்பட்ட சின்னவர்களுக்கு அப்படி ஒரு சலுகை இருந்தது. பிரிட்டனிலும் சிறு வியாபாரிகள் காசு வந்தபின் வாட் கட்டும் முறை இருக்கிறது. இரண்டாவது, 46ஆம் நாள் அரசு பில்லுக்கு வட்டி தானாக ஏற வேண்டும். இப்போது நாம் மனுப் போட்டுக் கேட்டால்தான் வட்டி. கேட்டால் அடுத்த ஆர்டர் கிடைக்காது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. ஃபைல் ஒவ்வொரு மேசையாகச் சுற்றுவதற்குக் காரணம், தாமதத்துக்கு யாரும் விலை கொடுப்பதில்லை என்பதுதான்.

முன்னாள் வார்டு மெம்பர், சாக்கோட்டை ஒன்றியம்:

தம்பிகளா, உங்கள் இருவருக்கும் கிடைத்தது படித்தவர்கள். எனக்குக் கிடைத்தது ஆடு மேய்க்கும் ஒரு அப்பத்தா.

நான் 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து மெம்பரானேன். கிராம சபை என்றால் வரவு செலவைப் படிக்க வேண்டும். எல்லா இடத்திலும் எப்படிப் படிப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும், மூச்சு விடாமல் ஒரே ஓட்டமாக. ஒரு அக்டோபர் 2 கூட்டத்தில் அந்த அப்பத்தா எழுந்து, "போன தடவை மோட்டாருக்கு இன்னும் காசு குடுக்கலைன்னு படிச்சீக. இந்தத் தடவை அது எங்க போச்சு?" என்று கேட்டது. படித்தவருக்கு பதில் இல்லை. எழுத்துத் தெரியாத மனுஷி, காதால் கேட்டதை மாதக்கணக்கில் மனதில் வைத்திருந்து கேட்டது. அதற்கு அப்புறம் எங்கள் ஊரில் தரவேண்டிய பாக்கி என்று தனியாக ஒரு பக்கம் எழுதிப் படிக்க வைத்தேன். எழுதச் சொல்லி சட்டம் வந்து கட்டாயப்படுத்தவில்லை, ஒரு கிழவியின் கேள்விதான்.

கூட்டம் முடிந்து புளியமரத்தடியில் உட்கார்ந்தபோது அது இன்னொன்றும் சொன்னது. "நீங்க படிக்கிறீக. டெல்லிக்குப் போனாகளே, அவுகளும் இங்க வந்து படிக்கட்டுமே." நான் யோசித்தேன், இதில் என்ன தப்பு? எம்.பி. ஒருவருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 5 கோடி. எங்கே, எவ்வளவு, முடிந்தது எது, பாதியில் நிற்பது எது என்று, வருஷத்துக்கு ஒரு கிராம சபையிலாவது நேரில் நின்று படிக்க வேண்டும் என்று சட்டம் போடலாம். தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு ஆறு கிராம சபை. ஒரு மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றப் பகுதி, பகுதிக்கு ஒன்று என்று சுற்றினால்கூட போதும். இணையதளத்தில் இருக்கிறதே என்பார்கள். இணையதளம் அந்த அப்பத்தாவின் காதில் விழாது.

ஆனால் இன்னொன்றையும் சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது. எங்கள் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்தது. காலம் முடிவதற்கு முன் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சாசனமே 243-இ பிரிவில் சொல்கிறது. நடக்கவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். மக்களவைக்கு இப்படி ஒரு நாள் தள்ளிப்போட விடுவோமா? ஊராட்சிகளுக்கு அரசியல் சாசனத்தில் இடம் தந்த 73ஆவது திருத்தம் வந்து முப்பது வருஷம் தாண்டியும், ஊராட்சித் தேர்தல் என்றால் எல்லாருக்கும் இளக்காரம். கணக்கு கேட்கிற இடத்தை மூடி வைத்துவிட்டு எந்தச் சீர்திருத்தமும் வேலைக்கு ஆகாது.

தேவகோட்டை ரஸ்தா:

எல்லாம் சரி, ஆனால் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. பாக்கியைக் காட்டினால் மட்டும் போதாது, பங்கும் சரியாக வேண்டும்.

என்னிடம் இதைச் சொன்னவர் அழகப்பா வளாகத்துப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளின் நோட்டை நகல் எடுத்து எடுத்தே, மத்திய வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் நிதிக்குழு முழுக்க அவருக்கு மனப்பாடம். 15ஆவது நிதிக்குழு மத்திய வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்றது. ஆனால் குறிப்பிட்ட காரியத்துக்கென்று போடும் செஸ், வரிக்கு மேல் வரியான சர்சார்ஜ் இரண்டும் அந்தப் பங்கில் சேராது. வருமான வரியோடு 4 சதவீதம் சுகாதார, கல்வி செஸ் கட்டுகிறோமே, அதில் ஒரு காசுகூட வரிப் பங்காக மாநிலத்துக்கு வராது. செஸ் என்று பெயர் மாற்றினால் போதும், பங்கு கொடுக்க வேண்டாம் என்றால் எந்த அரசுக்கும் கை அரிக்கத்தானே செய்யும்.

அவர் வழி எளிது. எந்த செஸ்ஸும் போடும்போதே முடிவுத் தேதியோடு போட வேண்டும். நீட்டிக்க வேண்டுமென்றால், இதுவரை வசூலித்தது எவ்வளவு, சொன்ன காரியத்துக்குப் போனது எவ்வளவு என்று நாடாளுமன்றத்தில் வைத்து ஓட்டெடுக்க வேண்டும். தேதி தாண்டியும் தொடர்ந்தால் அது தானாகப் பொது வரியாகி, மாநிலத்துக்குப் பங்கு உண்டு. இதில் கடைசி வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது.

கல்லுக்கட்டி வாசி:

ரஸ்தா அண்ணே, அது மாற்றுக் கருத்து இல்லை. ஜெராக்ஸ் கடைக்காரரும் கணக்கைத்தான் கேட்கிறார்.

பெரியவர் சொன்ன தேர்தலுக்கு முந்தைய ஐந்தொகை நடக்கிற காரியமா என்று சிலர் தனியாகக் கேட்டார்கள். நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1998 முதல் சட்டமே இருக்கிறது. தேர்தல் அறிவிப்பாணை வந்த பத்து நாளுக்குள் நாட்டின் நிதி நிலைமை அறிக்கையை வெளியிட வேண்டும். அதில் கையெழுத்துப் போடுவது அமைச்சர் இல்லை, நிதித்துறைச் செயலாளர்கள். நியூசிலாந்திலும் உண்டு. நம் நாட்டிலும் பாக்கியையும் சேர்த்து எழுதும் முறைக்கு மாற வேண்டும் என்று 12ஆவது நிதிக்குழு 2004லேயே சொன்னது. அதற்கு முன்பே, அரசுக் கணக்குக்கான விதிகளை வகுக்க 2002ல் அரசின் தலைமைத் தணிக்கையாளரான சி.ஏ.ஜி. ஒரு வாரியமும் அமைத்தார். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, கேட்க ஆள் வேண்டும்.

கேட்பதற்கு வழியும் இருக்கிறது. பட்ஜெட்டுக்கு முன் நிதி அமைச்சகம் மைகவ் என்ற அரசு இணையதளத்தில் பொதுமக்களிடம் யோசனை கேட்கும். மக்களவை, மாநிலங்களவை இரண்டிலும் மனுக்கள் குழு உண்டு. மசோதா வரைவை 30 நாளாவது பொதுமக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும் என்று 2014ல் மத்திய அரசே முடிவு செய்திருக்கிறது. பெரியவர் சொன்னதை நான் ஒரு பக்கமாக எழுதியிருக்கிறேன். பெஞ்சுக்காரரின் ஜி.எஸ்.டி. யோசனை, அப்பத்தாவின் எம்.பி. கணக்கு, செஸ்ஸுக்கு முடிவுத் தேதி மூன்றையும் அதோடு சேர்த்து மனுவாக்கலாம் என்று நினைக்கிறேன். தமிழிலேயே எழுதுவோம். யார் யார் கையெழுத்துப் போடுகிறீர்கள்?

ஆத்தங்குடிப் பட்டறை, உங்களுக்குத் தனியாக ஒன்று. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இருக்கிறதுதானே? இருந்தால் பில் தேதி, சரக்கு இறக்கிய ரசீது, நீங்கள் எழுதிய நினைவூட்டல் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வட்டியைச் சிறுதொழில் அமைச்சகத்தின் இணையதளத்தில் கேட்கலாம், அங்கிருந்து அது பாக்கி வழக்கை விசாரிக்கும் வசதிக் குழுவுக்குப் போகும். அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்ற பயம் நியாயம்தான், அதனால் உங்களைப் போல் நாலைந்து பட்டறைக்காரர்கள் சேர்ந்து போடுங்கள். அந்த பெஞ்சுக்காரரின் நம்பர் இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள், அவர் ஃபைல் நமக்கு வேண்டும்.