கலைச்சொல்: ஆர்மீனியாவின் ‘ஹமாய்ன்க்’ – ஊராட்சியா, ஊராயமா?

நண்பர்களுக்கு வணக்கம். ஆர்மீனிய ஊர்களைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுதும்போது, அந்நாட்டின் உள்ளாட்சி அலகான ‘ஹமாய்ன்க்’ என்பதையும் அதையொட்டிய சொற்களையும் எப்படி எழுதுவது என்ற உங்கள் கேள்விகளுக்கு என் பதில் இது.

> ஊராட்சி என்றே எழுதிவிடலாமே, எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே?

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல் ஐயா. ஊராட்சி என்றதுமே நகரம் விலகிவிடுகிறது. டிலிஜான் நகரமும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களும் சேர்ந்து ஒரே ஹமாய்ன்க். தலைநகர் யெரெவானும் ஒரு ஹமாய்ன்க்தான். ஆங்கில ‘community’யைப் பார்த்துச் ‘சமூகம்’ என்று எழுதுவதும் அறவே வேண்டாம். அது மக்களைக் குறிக்கும். எல்லையும் தலைவரும் வரவுசெலவும் உள்ள ஆட்சி அலகைக் குறிக்காது.

தாத்தெவைப் பாருங்கள். சியூனிக் மாகாணத்தில், வொரோத்தான் ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில், 9ஆம் நூற்றாண்டில் எழுந்த மடாலயத்தை ஒட்டிய சிற்றூர். 2015இல் சுற்றுப்பட்டு ஊர்களைச் சோதனை முயற்சியாக ஒன்றிணைத்தபோது அந்த 8 ஊர்த் தொகுப்புக்கும் தாத்தெவ் என்றே பெயரிட்டார்கள். தலைமையிடமோ பள்ளத்தாக்குக்கு அக்கரையில், ஷினுஹாயரில். ஹலிட்சோரும் அக்கரைதான், அங்கிருந்து தாத்தெவுக்கு 2010இல் போட்ட கம்பிவடப் பாதையே ஏறத்தாழ 5.7 கிலோமீட்டர். ‘தாத்தெவ் ஊராட்சித் தலைவர்’ என்று எழுதினால் படிப்பவர் மடாலயத்துச் சிற்றூரின் தலைவர் என்றுதானே எடுத்துக்கொள்வார்? நாடு முழுக்க இதே கதைதான்: 915 ஹமாய்ன்க்குகள் 2022க்குள் 71 ஆகிவிட்டன.

> நகரம், கிராமம் இரண்டுக்கும் பொதுப்பெயராக ‘குடியிருப்பு’?

அது வீட்டு வசதி வாரிய அடுக்கு வீடுகளை நினைவூட்டுகிறது. ஆர்மீனியர் நகரம், கிராமம் இரண்டையும் ‘ப்னகவாய்ர்’ என்பார்கள். நம் ‘ஊர்’ அந்த வேலையை அப்படியே செய்யும். ‘க்யூக்’ என்பதற்குச் சிற்றூர். ஹமாய்ன்க்குக்கு ஊராயம் என்பது என் பரிந்துரை: ஆயம் என்றால் கூட்டம், தீர்ப்பாயத்தில் வரும் அதே ஆயம். ஓர் ஊர் மட்டும் இருந்தாலும் பல இருந்தாலும் பொருந்தும். ‘கூட்டூர்’ அப்படிப் பொருந்தாது.

இன்னொன்றும் தேவைப்படுகிறது. பழைய ஷினுஹாயர் பள்ளத்தாக்குச் சரிவில் இடிபாடாகக் கிடக்கிறது. மக்கள் மேட்டு நிலத்துக்கு ஏறியபோது பெயரையும் கொண்டுபோய்விட்டார்கள். விட்டுவந்த இடம் ‘ஹின் ஷினுஹாயர்’, பழைய ஷினுஹாயர், ஆயிற்று. இத்தகைய இடங்களுக்குப் ‘பாழூர்’ என்ற நம் பழஞ்சொல்லே போதும்.

ஊர்ப்பெயர்களை மட்டும் தமிழாக்க வேண்டாம். தான்ட்சாதாப் என்ற ஊரின் பெயரில் ‘தான்ட்ஸ்’ பேரிக்காய், ‘தாப்’ சமநிலம். அழகான பெயர்தான், ஆனால் பேரிச்சமவெளி என்று எழுதினால் வரைபடத்தில் யாரும் தேடிப் பிடிக்க முடியாது. பொருளைக் கட்டுரைக்குள் விளக்கலாம்.

ஓர் ஊர்க் கட்டுரையின் முதல் வரி இப்படி அமையும்: “ஹலிட்சோர், சியூனிக் மாகாணத்தின் தாத்தெவ் ஊராயத்தைச் சேர்ந்த சிற்றூர்.” வாசிக்கும்போது எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.