எடை குறைக்கத் துணைக்கு யாருமே இல்லைங்க, நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பெருந்துறைக்காரி:
வயது 38, எடை 82 கிலோ இருந்தேன். மூன்று மாதமாகச் சோற்றைக் குறைத்து, சாயங்காலம் நடந்து 4 கிலோ குறைத்திருக்கிறேன். ஆனால் வீட்டில் அத்தை சந்தகையும் (இடியாப்பம் மாதிரி) தேங்காய்ப்பாலும் எடுத்து வந்து "ஒரு நாள் தின்னா என்னாகும் கண்ணு" என்கிறார், பாசம்தான், வேண்டாம் என்றால் முகம் வாடிவிடுகிறது. தனியாக இருப்பதுதான் களைப்பாக இருக்கிறது.

கோவை நடை:
ரேஸ்கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று சுமார் 2.5 கி.மீ. முதலில் நானும் தனியாகத்தான் போனேன், அப்புறம் தினமும் எதிரே வரும் இரண்டு அக்காக்களிடம் நானாகவே பேச்சுக் கொடுத்தேன். இப்போது ஒரு நாள் போகாவிட்டால் "ஏனுங்க வரலை" என்று போன் வந்துவிடும், அதற்காகவே எழுந்துவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது, பேசிக்கொண்டே நடந்தால் அது தெரியாமலே முடிந்துவிடும்.

கோபி அண்ணன்:
அத்தையிடமே உதவி கேளுங்க. "நீங்கதான் எனக்குச் சமைச்சுத் தரணும்" என்று என் அம்மாவிடம் சொன்னேன், கொள்ளுப் பருப்பு, கீரை என்று அவரே மாற்றிவிட்டார். சந்தகையை மறுக்க வேண்டாம், அளவைக் குறைத்தால் போதும்.

பெருந்துறைக்காரி:
சரிங்க, இப்படி யோசிக்கவே இல்லை. நாளைக்கு அத்தையையும் நடக்கக் கூப்பிடுகிறேன்.