பழைய மிக் மெசினுக்கு யூரோ சொக்கற் போடலாமா? (திருகோணமலை)

உப்புவெளி_கேற்வேலை:
என்னட்ட இருக்கிறது 150 அம்பியர் பழைய மிக் மெசின் (வயரைத் தானா தள்ளித் தள்ளி ஒட்டுற வெல்டிங் மெசின்), மாமா லண்டனில இருந்து அனுப்பினது. டோர்ச் (கையில பிடிச்சு ஒட்டுறது) கேபிள் நேரா உள்ளுக்குப் போய், வயரைத் தள்ளுற ரோலர் பிளொக்கில இறுகுது. உப்புக்காத்தில லைனர் (கேபிளுக்குள்ள வயர் போற குழாய்) துருப்பிடிச்சு வயர் விட்டு விட்டு வருது. இந்த டோர்ச்சுக்குச் சாமான் கொழும்புப் பழைய சோனகத் தெருக் கடைகளிலயும் இல்லையாம். யூரோ சொக்கற் கிற் (டோர்ச்சைக் கழட்டிப் பூட்டுற பொது இணைப்பு) வாங்கி எம்பி 15 எண்ட மாதிரி டோர்ச் பூட்டினா ரிப் (வயர் வெளிய வாற முனை), லைனர் எல்லாம் லேசா எடுக்கலாம். ஆனா பழைய டோர்ச்சில காஸ் வால்வ் கைபிடிக்குள்ள இருக்கு, விசையை அமத்தத்தான் காஸ் திறக்கும். அதுக்கு என்ன வழி? முன் தகட்டில துளை போட்டாப் போதுமா?

சீனக்குடா_பட்டறை:
தம்பி, தாராளமாப் போடலாம். துளை போடுறது கடைசி வேலை. முதல்ல விசை வயர் ரெண்டுக்கும் இடையில எத்தனை வோல்ற் எண்டு மீற்றரால பாருங்க. 24 அளவில இருந்தா நல்லது. 230 வந்தா அதை யூரோ சொக்கற்றின்ர சின்ன ஊசிகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். கையில பிடிக்கிற சாமான், வேர்வையும் உப்பும் சேர்ந்தா உயிர் போகும். நடுவில 24 வோல்ற் றிலே (சின்னக் கரண்டால வேலை செய்யிற சுவிட்ச்) ஒண்டு வையுங்க.

எம்பி 15இல வால்வ் கிடையாது. மெசினுக்குள்ள சொலனொய்ட் வால்வ் (கரண்டால திறக்கிற வால்வ்) பூட்டி, மோட்டர் ஓடுற அதே நேரம் திறக்கிற மாதிரி இணைக்கவேணும். உள்ளுக்க என்ன வோல்ற் கிடைக்குதோ அதுக்கேற்ற கொயில் வாங்குங்க.

அடுத்தது, சொக்கற்றின்ர பித்தளை உடம்பு முழுக்க வெல்டிங் கரண்ட் ஓடும். அது பெட்டித் தகட்டில முட்டக் கூடாது, பிளாஸ்ரிக் விளிம்பு கட்டாயம். பூட்டின பிறகு மீற்றரைத் தொடுப்புப் பார்க்கிற நிலையில வைச்சு, பித்தளைக்கும் பெட்டிக்கும் இடையில அது சத்தம் போட்டா எங்கயோ முட்டுது. ரோலர் பிளொக்கையும் அதே மாதிரிப் பாருங்க. கை வைக்க முன்னம் பிளக்கைக் கழட்டி, கப்பாசிற்றரை 24 வோல்ற் லொறி பல்ப் ஒண்டால இறக்குங்க.

துளையின்ர இடத்தை ரோலர்தான் சொல்லவேணும். தகட்டில எங்க இடம் இருக்கு எண்டு பார்த்துத் துளைச்சா வயர் வளைஞ்சுதான் போகும். வழிகாட்டிக் குழாய் ரோலருக்கு 1, 2 மில்லிமீற்றர் கிட்ட வரவேணும். இடைவெளி கூடினா வயர் அங்கயே சுருண்டு குருவிக்கூடு மாதிரி ஆகிடும்.

கிண்ணியா_ட்ரெயிலர்:
நானா சொன்னதோட ஒண்டு. பவர் கேபிள் லக்கை (கேபிள் நுனியில பூட்டுற உலோக வளையம்) நல்லா உரசி, இறுக்கிப் பூட்டுங்க. இளக்கமா இருந்தா சூடேறி பிளாஸ்ரிக் உருகும். கச்சான் காத்தில வெளியில காஸ் இல்லாத வயரால ஒட்டுற ஆள் எண்டா லக்கை மாத்திப் பூட்டுற மாதிரி விடுங்க. காஸோட சாதா வயருக்கு டோர்ச் பொசிற்றிவ், காஸ் இல்லாத வயருக்குப் பெரும்பாலும் நெகற்றிவ்.

உப்புவெளி_கேற்வேலை:
நன்றி அண்ணே, நானா. அளந்து பார்த்தன், விசையில 24தான். பிளொக்குக்கும் பெட்டிக்கும் தொடுப்பு இல்ல. டோர்ச் 3 மீற்றரா 5 மீற்றரா எடுக்கட்டும்? கேற் ஒட்ட நீளம் இருந்தா வசதி.

சீனக்குடா_பட்டறை:
3 எடுங்க தம்பி. உங்கட மோட்டர் சின்னது, நீளம் கூடக்கூட வயர் இழுபடும், அதுவும் 0.6 மில்லிமீற்றர் வயர் எண்டா கேட்கவே வேண்டாம். கேற் பெரிசா இருந்தா மெசினைக் கிட்டக் கொண்டு போங்க. 0.8 வயருக்கு நீல லைனர். வேலை முடிஞ்சதும் வயர்ச் சுருளைக் கழட்டிப் பிளாஸ்ரிக் பையில கட்டி வையுங்க. உப்புவெளிக் காத்தில வயர் துருப்பிடிச்சா அந்தத் துரு புது லைனருக்குள்ளயும் போய் அடைக்கும்.