வீட்டுக்காரரே ஆள் வைத்துக் கட்டும் வீட்டுக்கு வயரிங் கூலி எப்படிப் பேசுவது?

செம்மண்டலம் வயரிங் (கேள்வி):

கடலூர் செம்மண்டலத்தில் ஒரு வேலை வந்திருக்கிறது. 1,300 சதுர அடி தரைத்தளம், மூன்று பெட்ரூம். மொத்த கான்ட்ராக்டர் கிடையாது. கொத்தனார், கம்பி கட்டுபவர், பிளம்பர், டைல்ஸ் என்று வீட்டுக்காரரே தனித்தனியாக ஆள் பிடித்து நடத்துகிறார். சாமான் அவர் வாங்கித் தருவார், நமக்கு லேபர் மட்டும். "சதுர அடிக்கு எவ்வளவு?" என்று ஒரே கேள்வி. வேறொருவர் 32 ரூபாய் சொல்லியிருக்கிறாராம். என் ஆட்களில் எலக்ட்ரீஷியனுக்கு 1,100, ஹெல்பருக்கு 800 கொடுக்கிறேன். 32-க்கு இறங்கலாமா? இப்படிப்பட்ட சைட்டுக்கு வேறு மாதிரி ரேட் போடுவீர்களா?

மஞ்சக்குப்பம் கான்ட்ராக்டர்:

சதுர அடியிலிருந்து கணக்கைத் தொடங்காதீர்கள். அதே 1,300 சதுர அடிக்குள் 70 பாயிண்டும் (லைட், ஃபேன், பிளக் வரும் இடம் ஒவ்வொன்றும் ஒரு பாயிண்ட்) வரலாம், 130 பாயிண்டும் வரலாம். ஜோடி நாளாகப் போடுங்கள். எலக்ட்ரீஷியனும் ஹெல்பரும் சேர்ந்தது ஒரு ஜோடி. உங்கள் கூலிப்படி ஒரு ஜோடிக்கு நாளுக்கு 1,900.

சுமார் 100 பாயிண்ட் என்று வைத்துக்கொண்டால், மேல் கான்கிரீட் தளத்துக்குப் பைப் போட இரண்டு ஜோடி ஒரு நாள். சுவரில் காடி (பள்ளம்) வெட்டிப் பைப் பதித்து, மெட்டல் பாக்ஸ் லெவல் பார்த்து வைக்க 6 நாள். பைப்புக்குள் ஸ்பிரிங் விட்டு வயர் இழுக்க 5. சுவிட்ச், டிபி (எல்லா லைனும் பிரியும் பெட்டி), எர்த் இணைப்புக்கு 4. ஃபேன், லைட் மாட்டி டெஸ்ட் பண்ண 3. ஆக 20 ஜோடி நாள், 38,000 ரூபாய்.

இது எல்லாம் வரிசையாக நடந்தால். வீட்டுக்காரர் நடத்தும் சைட்டில் வரிசை தவறும். பூச்சு முடியவில்லை, மணல் வரவில்லை என்று திரும்பி வருவீர்கள். அதற்கு 2 ஜோடி நாள் இப்போதே சேர்த்துவிட வேண்டும். 41,800 ஆகிறது. வண்டி, டிரில், கட்டிங் பிளேடு தேய்மானம், உங்கள் லாபம் எல்லாவற்றுக்கும் 25 சதவீதம் வைத்தால் 52,250. சதுர அடிக்கு 40 ரூபாய்.

32 ரூபாய் என்றால் 41,600. ஆள் கூலிக்கே 200 ரூபாய் கையை விட்டுப் போகிறது. இறங்காதீர்கள்.

வீட்டுக்காரருக்குச் சதுர அடி எண்தான் புரியும் என்றால் அதையே சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் ரூம் வாரியாகப் பாயிண்ட் பட்டியல் எழுதி, "இந்தப் பட்டியலுக்குத்தான் இந்த ரேட்" என்று கையெழுத்து வாங்குங்கள். கிச்சனில் மட்டும் ஃபிரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர், சிம்னி, ஆர்ஓ, மைக்ரோவேவ், இண்டக்ஷன் என்று ஏழு பிளக் வரும். கேட்காமல் விட்டால் டைல்ஸ் ஒட்டிய பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வரும்.

லாஸ்பேட்டை சைட் இன்ஜினியர்:

மேலே சொன்னதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது மாற்றத்துக்கான ரேட். ஒரு பாயிண்டுக்கு மூன்று விலை எழுதுங்கள். பூச்சுக்கு முன் மாற்றினால் சாதாரண ரேட், பூச்சுக்குப் பின் இரண்டு மடங்கு, பெயிண்ட் அல்லது டைல்ஸ் முடிந்த பின் மூன்று மடங்கு. பூச்சு ஒட்டும் வேலை, டைல்ஸ் மாற்றும் செலவு வீட்டுக்காரருடையது என்பதும் அதிலேயே இருக்கட்டும். மொத்த கான்ட்ராக்டர் இருந்தால் டிராயிங் பார்த்து இதைத் தடுத்திருப்பார். இங்கே கட்டில் எந்தப் பக்கம் என்பதே வயர் இழுக்கும் நாளில்தான் முடிவாகும். காடி வெட்டும் முன் சுவரில் சாக்பீஸால் எல்லா பாக்ஸும் குறித்து, வீட்டில் சமைக்கிறவரையும் கூட்டிவந்து காட்டச் சொல்லுங்கள். அந்த ஒரு மணி நேரம் ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும்.

கான்கிரீட் போடும் நாளில் உங்கள் ஆள் ஒருவர் தளத்தின் மேல் நிற்க வேண்டும். அந்தக் கூலியையும் சேருங்கள். மிதித்து பைப் வளைவில் உள்ள பெண்ட் கழன்றுவிடும், வைப்ரேட்டர் பட்டு ஃபேன் பாக்ஸ் நகரும், மூடாத பைப் வாயில் சிமெண்ட் பால் இறங்கி அடைத்துக்கொள்ளும். அடைத்த பைப்புக்குப் பதில் புது வழி வெட்டுவது முழு நாள் வேலை. பைப் வாய்களை அடைத்து டேப் சுற்றிய பின் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். அதன் பிறகு அடைத்தால் யார் பொறுப்பு என்ற பேச்சு இருக்காது. பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப் பிடித்து போட்டோ எடுத்தால், பின்னால் பிளம்பரும் மாடுலர் கிச்சன் ஆளும் டிரில் போடும்போது உதவும்.

செம்மண்டலம் வயரிங்:

நன்றிங்க. சாமான் அவர் வாங்கும்போது தரம் குறைந்தால் என்ன செய்வது? பணத்தை எந்தக் கட்டத்தில் வாங்குவது?

மஞ்சக்குப்பம் கான்ட்ராக்டர்:

சாமான் பட்டியலைத் தரத்தோடு எழுதிக் கொடுங்கள். வயர் ஐஎஸ் (இந்தியத் தர எண்) 694, பைப் ஐஎஸ் 9537 மீடியம் அல்லது ஹெவி, எம்சிபி (ஓவர்லோடு, ஷார்ட் ஆனால் விழும் சுவிட்ச்) ஐஎஸ் 60898, ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் விழும் சுவிட்ச்) ஐஎஸ் 12640, 30 மில்லி ஆம்பியர். வயர் அளவு லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர். மீடியத்துக்கும் கீழான 'லைட்' ரகப் பைப் வாங்கி வந்தால் கான்கிரீட்டுக்குள் நசுங்கும், போட மறுத்துவிடுங்கள். சாமான் வரத் தாமதமாகி ஆள் சும்மா இருந்தால் அரை நாள் கூலி என்று ஒரு வரி வேண்டும். கடையில் உங்களுக்குக் கமிஷன் வந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். மறைத்துத் தெரிந்தால் உங்கள் பாயிண்ட் கணக்கையும் அவர் நம்ப மாட்டார்.

ஒருவேளை சாமானும் நீங்களே போட்டால், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து, "இந்த விலை 10 நாளுக்கு மட்டும்" என்று எழுதுங்கள். செம்பு விலை ஏறினால் வயர் விலையும் ஏறும்.

பணம்: முன்பணம் 10, தளப் பைப் முடிந்து கான்கிரீட்டுக்கு முன் 20, பாக்ஸ் வைத்துப் பூச்சுக்கு முன் 25, வயர் இழுத்ததும் 25, சுவிட்ச் மாட்டியதும் 15, டெஸ்ட்டுக்குப் பின் 5 சதவீதம். அந்தந்தப் பணம் வராமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

அரியாங்குப்பம் கம்பியாளர்:

மூன்று விஷயம் விட்டுப்போனது.

எர்த்தைப் பாயிண்ட் ரேட்டுக்குள் போடாமல் தனி ஐட்டமாக வையுங்கள். தேவனாம்பட்டினம் மாதிரி கடலோர உப்பு மண்ணில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் சீக்கிரம் அரிக்கும். செம்பு பூசிய 3 மீட்டர் ராடுக்கும் சாதாரண ஜிஐ பைப்புக்கும் விலை வேறு, குழி வேலையும் வேறு. மீட்டர் போர்டு உயரமும் அப்படித்தான். 2015 வெள்ளத்தில் கடலூரில் தண்ணீர் எங்கே வரை வந்தது என்று தெருவில் விசாரித்து அதற்கு மேல் வையுங்கள். கேபிள் நீளம் கூடினால் அது வீட்டுக்காரர் செலவு.

இன்வெர்ட்டர் வருமா என்று இப்போதே கேளுங்கள். இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் வயர்) இழுக்க வேண்டும். மற்ற லைன் நியூட்ரலோடு கலந்துவிட்டால் ஆர்சிசிபி டிரிப் ஆகிக்கொண்டே இருக்கும். பிறகு ஒவ்வொரு பாக்ஸாகத் திறந்து பிரிக்கும் வேலைக்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

கடைசியாக லைசென்ஸ். மின் இணைப்புக்கு உங்கள் பெயரில் வேலை முடிந்த சான்று வீட்டுக்காரர் கேட்பார். பாதியில் வேறு ஆளை வைத்து வயர் இழுத்திருந்தால், மெகர் (வயர் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "மற்றவர் செய்த வேலையைச் சோதிக்கத் தனிக் கட்டணம்" என்று கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள்.