மெதுவாகப் போனால் அடியில் ‘கீச் கீச்’: பழைய ஃபோர் வீல் டிரைவ், எங்கே தேடுவது?

கேட்டவர்:
வண்டிக்கு 24 வயது. பார்ட்-டைம் ஃபோர் வீல் டிரைவ் (வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும்), மேனுவல் கியர். முன் சக்கரங்களில், ஆக்ஸிலோடு சேர்க்கவும் பிரிக்கவும் கையால் திருப்பும் ஹப் லாக், நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங். இரண்டு மாதமாக ஒரு சத்தம், குருவி கத்துவது மாதிரி. நடக்கிற வேகத்தில் தெளிவாகக் கேட்கிறது. வேகம் கூடக் கூடக் கீச்சும் அடுத்தடுத்து வருகிறது. 40-ஐத் தாண்டினால் டயர் இரைச்சலில் கரைந்துவிடுகிறது. டிரைவர் சீட்டுக்கு அடியில், கொஞ்சம் முன்பக்கமாக வருவது போலத் தெரிகிறது.

முன் பிரேக் பேட் மாற்றினேன். பின் டிரம்மைக் கழற்றித் தூசி தட்டினேன். ஒரு மெக்கானிக் வீல் பேரிங் என்றார், அதையும் மாற்றியாயிற்று. சத்தம் அப்படியேதான் இருக்கிறது. ஒரு விநோதம்: மழையில் ஓட்டினாலோ அடியில் தண்ணீர் அடித்துக் கழுவினாலோ அன்று முழுக்கச் சத்தமே இல்லை. காய்ந்ததும் வந்துவிடுகிறது. முன் ஷாஃப்ட் கிராஸ் (ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் மூட்டில் உள்ள சிலுவை வடிவ இணைப்பு) என்று எனக்குச் சந்தேகம். ஆனால் போன மாதம்தான் எல்லா நிப்பிளிலும் (கிரீஸ் ஏற்றும் சின்ன வாய்) கிரீஸ் அடித்தேன். குத்துமதிப்பாகப் பாகம் மாற்றி அலுத்துவிட்டது. இந்த முறை தெரிந்துகொண்டு கழற்றலாம் என்று கேட்கிறேன்.

மண்பாதை:
தண்ணீர் பட்டால் அடங்குகிறது என்றால் காய்ந்த கிராஸ்தான், வேறென்ன. கீழே படுத்து இரண்டு ஷாஃப்டிலும் ஸ்பிரே ஆயில் அடித்துவிடுங்கள், போய்விடும்.

பழைய ஸ்பேனர்:
கிராஸ் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஸ்பிரேயை ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த மெல்லிய எண்ணெய் சீலைத் தாண்டிப் போய், கிராஸின் நான்கு முனையிலும் மாட்டியிருக்கும் கப்புக்குள் மிச்சமிருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும். இரண்டு நாள் நிம்மதி, அப்புறம் முன்னைவிட மோசம். அதோடு, நான்கு கிராஸையும் ஒன்றாக நனைத்துவிட்டால் எது கத்தியது என்றே தெரியாமல் போய்விடும்.

காதை நம்பி இடம் பிடிக்கப் பார்க்காதீர்கள். சேசிஸ் இரும்பு சத்தத்தைக் கடத்திக்கொண்டு போய் எங்கோ விடும். பின் ஆக்ஸிலில் கத்துவது ஸ்டீயரிங் பக்கம் கேட்டதையும் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் எண்ணுங்கள்.

சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது புரொப்பல்லர் ஷாஃப்ட் பல சுற்று சுற்றும். எத்தனை என்பதுதான் டிஃப்ரன்ஷியல் (ஆக்ஸில் நடுவே உள்ள கியர் தொகுதி) ரேஷியோ. இந்த மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் 4-ஐ ஒட்டி இருக்கும், மேனுவலில் பாருங்கள். ஒரு டயரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத சமதளத்தில் முதல் கியரில் ஊர்ந்து போங்கள். ஒருவர் கூடவே நடந்து, கோடு கீழே வரும்போதெல்லாம் ‘ஒன்று, இரண்டு’ என்று சத்தமாகச் சொல்லட்டும். போனில் பதிவு செய்துகொண்டு, அப்புறம் உட்கார்ந்து எண்ணலாம். சுற்றுக்கு ஒரு கீச் என்றால் சக்கரம், டிரம், டிஸ்க், ஹப் பக்கம். நான்கை ஒட்டி வந்தால் ஷாஃப்ட். எட்டை ஒட்டி வந்தாலும் ஷாஃப்ட்தான், ஏனென்றால் கோணத்தில் சுற்றும் கிராஸ் ஒரு சுற்றில் இரண்டு தடவை கத்தவும் கூடும். கணக்கே இல்லாமல் மேடு பள்ளத்தில் மட்டும் வந்தால் ஸ்பிரிங் புஷ்.

அப்புறம் ஹப். இரண்டு முன் ஹப்பையும் ‘ஃப்ரீ’யில் வைத்து டூ வீல் டிரைவில் ஓட்டினால் முன் ஷாஃப்ட் சுற்றவே சுற்றாது. அப்போதும் கத்தினால் முன் ஷாஃப்ட் நிரபராதி.

கேட்டவர்:
ஐயா, எண்ணிவிட்டேன். டயர் சுற்றளவு சுமார் 2.3 மீட்டர், பத்துச் சுற்றுக்கு 23 மீட்டர் போனேன். பதிவை மூன்று தடவை கேட்டேன்: 41 கீச். மேனுவலைத் திறந்தால் ரேஷியோ 4.1! சிரித்துவிட்டேன், வீல் பேரிங்குக்குக் கொடுத்த காசை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஹப் இரண்டும் ஃப்ரீயில் வைத்துப் பார்த்தேன். சத்தம் துளியும் குறையவில்லை. ஆக நான் சந்தேகப்பட்ட முன் ஷாஃப்ட் இல்லை. பின் ஷாஃப்டில் இரண்டு கிராஸ் இருக்கிறதே, எது?

கிரீஸ் கை:
தண்ணீர் உங்களுக்கு ஏற்கெனவே வழி காட்டிவிட்டது, அதையே வைத்துக் கண்டுபிடியுங்கள். காய்ந்த வண்டியில், ஒரு கிராஸ் மேல் மட்டும் அரை பாட்டில் தண்ணீர் விட்டு ஓட்டிப் பாருங்கள். முதலில் டிஃப்ரன்ஷியல் பக்கம். மாற்றம் இல்லையென்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர் பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன், பின் ஷாஃப்டுகளுக்கு அனுப்பும் பெட்டி) பக்கம். ஒரே நேரத்தில் இரண்டையும் நனைக்காதீர்கள்.

உங்கள் சீட்டுக்கு அடியில் இருப்பது டிரான்ஸ்ஃபர் கேஸ். பின் ஷாஃப்டின் முன் கிராஸ் அதன் வாலில்தான் இருக்கிறது. முன்பக்கம் என்று உங்கள் காது சொன்னது முழுப் பொய் இல்லை.

பழைய ஸ்பேனர்:
அடியில் போவதற்கு முன் ஒரு விஷயம். ஷாஃப்டைக் கழற்றிய பிறகு கியரில் போட்டு நிறுத்தினாலும் பின் சக்கரத்துக்குப் பிடிமானம் கிடையாது. சில பழைய வண்டிகளில் ஹேண்ட் பிரேக்கே டிரான்ஸ்ஃபர் கேஸ் வாலில் இருக்கும். பழைய லேண்ட் ரோவர், வில்லிஸ் ஜீப் எல்லாம் அப்படித்தான். அவற்றில் பின் ஷாஃப்டைக் கழற்றினால் லீவரை எவ்வளவு இழுத்தாலும் பின் சக்கரம் பிடிக்காது. கழற்றாவிட்டாலும், ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் டிஃப்ரன்ஷியல் வழியாக அது சும்மா சுற்றும், வண்டி உருளும். சமதளம், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, ஜாக்கியோடு ஸ்டாண்டும். இதில் சமாதானம் கிடையாது.

கேட்டவர்:
டிஃப்ரன்ஷியல் பக்கம் தண்ணீர் விட்டேன், மாற்றமில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் விட்டதும் சட்டென்று அமைதி, கால் மணி நேரத்தில் மறுபடி கீச். டார்ச் அடித்துப் பார்த்தால், நான்கு கப்பில் மூன்றைச் சுற்றிக் கறுப்பாகக் கிரீஸ் பிதுங்கி நிற்கிறது. நான்காவதன் சீல் ஓரத்தில் செங்கல் பொடி போலச் சிவப்புத் தூள், விரலில் ஒட்டுகிறது. நான் கிரீஸ் அடித்தது உண்மைதான், ஆனால் அந்த ஒரு கப்புக்குள் போகவே இல்லை போலிருக்கிறது. இன்னும் அழுத்தி அடித்துப் பார்க்கலாமா?

கிரீஸ் கை:
அந்தச் சிவப்புத் தூள், கப்புக்குள் இருந்து துருவாகிப்போன ஊசி பேரிங். இனி கிரீஸ் போனாலும் பயனில்லை. கிராஸ் முழுச் சுற்றுச் சுற்றுகிற பேரிங் இல்லை. கப் அதன் தண்டின் மேல் சில டிகிரி முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருக்கும். கிரீஸ் வற்றினால் ஒவ்வொரு ஊசியும் ஒரே இடத்தில் உரசி உரசிப் பள்ளம் பறித்துவிடும். கழற்றினால் தண்டில் சீப்புப் பல் மாதிரி வரி தெரியும்.

நிப்பிள் ஒன்றுதான் என்றாலும் உள்ளே நான்கு தண்டுக்கும் வழி பிரிகிறது. எளிதாகத் திறக்கும் கப் வழியாகக் கிரீஸ் வெளியே வந்துவிட்டால், அடைத்த கப் அடைத்தபடியே இருக்கும். நான்கு சீலிலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடிக்க வேண்டும், அதுதான் கணக்கு. ஸ்லைடிங் ஸ்பிளைன் (ஷாஃப்ட் நீளவும் ஒடுங்கவும் இடம் தரும் பல் இணைப்பு) நிப்பிளுக்கு மட்டும் நேர் எதிர்: இரண்டு மூன்று அழுத்தோடு நிறுத்துங்கள். அளவு மீறினால் ஷாஃப்ட் உள்ளே ஒடுங்க இடமில்லாமல், வண்டி குதிக்கும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் பேரிங்கை முட்டும்.

கிராஸை மாற்றிவிடுங்கள். கழற்றுமுன் பிளேஞ்ச் (ஷாஃப்டை போல்ட் போட்டு மாட்டும் தட்டு), யோக் (கிராஸைப் பிடிக்கும் கவை), ஸ்பிளைன் மூன்றிலும் பெயின்டால் கோடு. கப்பைப் பிடித்திருக்கும் சர்க்கிளிப் வளையத்தை எடுத்து, வைஸில் ஒரு சின்ன சாக்கெட், ஒரு பெரிய சாக்கெட் வைத்து அழுத்தினால் கப் வெளியே வரும். புதுக் கப்பை உள்ளே தள்ளும்போதுதான் கவனம்: ஒரு ஊசி சரிந்து கப்பின் அடியில் படுத்துவிட்டால் சர்க்கிளிப் பள்ளம் வரை கப் இறங்காது. இறங்கவில்லை என்றால் சுத்தியலைத் தூக்காமல் கழற்றிப் பாருங்கள்.

கேட்டவர்:
மாற்றியாயிற்று. பழைய கப்பைக் கவிழ்த்தால் பாதி ஊசி, பாதி பொடி. தண்டில் சொன்ன மாதிரியே வரி வரியாகப் பள்ளம், நகம் மாட்டுகிறது. புதுசைப் போட்டதும் கையால் அசைத்தால் ஒரு திசையில் இறுக்கமாக இருந்தது. யோக்கின் காதுகளில் செம்புச் சுத்தியலால் லேசாக இரண்டு தட்டுத் தட்டியதும் விட்டது.

கீச் போய்விட்டது. ஆனால் 50-க்கு மேல் தரை அதிர்கிறது, முன்பு இது இல்லை. பிளேஞ்சில் கோடு போட்டேன். ஸ்பிளைனைத் துடைக்க உருவியபோது கோடு போட மறந்துவிட்டேன்.

பழைய ஸ்பேனர்:
தம்பி, விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் இருக்கும் யோக் காதுகள் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். கோணத்தில் சுற்றும் கிராஸ் ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். மறுமுனைக் கிராஸ்தான் அதை ஈடுகட்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் ஈடுகட்டல் கெட்டு அதிரும். ஷாஃப்டைத் தரையில் கிடத்தி ஒரு முனையிலிருந்து கண்ணை வைத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
ஒரு பல்தான் தள்ளியிருந்தது. மாற்றிப் போட்டு 80 வரை ஓட்டினேன், அதிர்வு இல்லை. மறுமுனைக் கிராஸ், முன் ஷாஃப்டின் இரண்டு கிராஸ் எல்லாவற்றிலும் நான்கு கப்பிலும் கிரீஸ் வரும்வரை அடித்தேன். முன் ஷாஃப்டில் ஒரு கப் பிடிவாதம் பிடித்தது. பிளேஞ்ச் போல்ட்டைத் தளர்த்தி, கிராஸைக் கையால் நாலா பக்கமும் ஆட்டிக்கொண்டே அடித்ததும் வந்தது. இனி எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை அடிக்கலாம்?

கிரீஸ் கை:
மேனுவலில் உள்ள கணக்குச் சாதாரணச் சாலைக்கு, அது போதும். ஆனால் ஆக்ஸில் மூழ்கும் தண்ணீரில் இறங்கினீர்கள் என்றால் கிலோமீட்டர் பார்க்காதீர்கள், வீட்டுக்கு வந்ததும் அன்றே அடியுங்கள். அந்த முன் ஷாஃப்ட் கப்பை மட்டும் அடுத்த மாதம் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்புத் தூள் தெரிந்தால் அதையும் வாங்கி வைத்துவிடுங்கள்.