சவரக்கத்தி தீட்டும்போது முதுகுல டேப் ஒட்டலாமா?

மரப்பிடி: ஜெர்மனி சோலிங்கன் கத்தி, 5/8 இஞ்ச் அகலம். வாயில, அதாவது கூர் ஓரத்துல, அரை மி.மீ. ஆழத்துக்கு உடைஞ்சு ஒரு பல் விழுந்திருக்கு, முதுகோரம் துரு. டேப் ஒட்டித் தீட்டணுமா, ஒட்டாமலா?

சாணைப்பித்தன்: ஒட்டித்தான் ஆகணும். சவரக்கத்தியைக் கல்லுல படுக்கவெச்சா முதுகும் வாயும் சேர்ந்தே உரசும். அரை மி.மீ. எடுக்க 400 கிரிட் கல்லுல (எண் கூடக் கூட கல் நைசு) இறங்கினா முதுகு ரெண்டு பக்கமும் பட்டையாத் தேய்ஞ்சிடும், முலாம் இருந்தா அதுவும் போச்சு. எலக்ட்ரிக்கல் டேப் ஒரே அடுக்கு போதும். தேய்ஞ்சா உடனே மாத்துங்க.

நேர்கோடு: முதுகு தேயறதுதாங்க இந்தக் கத்தியோட கணக்கே! 16 மி.மீ. அகலம், 4.5 மி.மீ. முதுகுன்னா வாய்க்கோணம் சுமார் 16 டிகிரி. வாய் தேயத் தேய முதுகும் தேய்ஞ்சாத்தான் அந்தக் கோணம் நிக்கும். 0.15 மி.மீ. டேப் ஒட்டினா 17ஐத் தாண்டிடும்.

சாணைப்பித்தன்: அந்த ஒரு டிகிரி தாடிக்குத் தெரியவா போகுது?

நேர்கோடு: தாடிக்குத் தெரியாது, கல்லுக்குத் தெரியும். டேப்போட 1000 முடிச்சிட்டு, பிரிச்சிட்டு 8000க்குப் போறவங்கதான் அதிகம். கோணம் குறைஞ்சதால கல் முனையைத் தொடவே தொடாது, பின்னாடி மட்டும் பளபளக்கும். வாயோரம் மார்க்கர் மை பூசி ரெண்டு தடவை ஓட்டுங்க, முனையில மை அப்படியே இருக்கும்.

சாணைப்பித்தன்: அதுக்குத்தான் ஒட்டினா கடைசிக் கல் வரைக்கும் ஒட்டணும்னு சொல்றது.

நேர்கோடு: பல் போற வரைக்கும் ஒட்டட்டும், ஆட்சேபணை இல்ல. அப்புறம் பிரிச்சிட்டு, முனை வரைக்கும் மை போற மாதிரி 1000லயே மறுபடி தீட்டணும். அதுலயே கைமுடி மழியலன்னா 4000க்குப் போறது வீண்.

மரப்பிடி: துருவுக்கு பஃபிங் சக்கரம், அதான் மெருகு போடுற மெஷின் சக்கரம், போடலாமா?

சாணைப்பித்தன்: கூடவே கூடாது. வாயோரம் அவ்வளவு மெல்லிசு, நொடியில சூடேறும். நீலம் பாஞ்சா பதம் போச்சு, அந்த இடத்துல கூர் நிக்காது. கத்தியை மரக்கட்டை மேல வெச்சு, எண்ணெய் விட்டு, 600லேர்ந்து 2000 வரைக்கும் வாட்டர் பேப்பர். கை முதுகுலேர்ந்து வாய்ப்பக்கமா போகட்டும், எதிர்ப்பக்கம் போனா விரல் போயிடும். வாயோரம் கரும்புள்ளியா குழி இருந்தா, அது முனைக்கு வரும்போது பொடிப்பொடியா உதிரும். குழி தாண்டுற வரைக்கும் தேய்க்கணும்.

நேர்கோடு: இதுல சண்டை இல்ல. கடைசியா கூரைச் சீராக்குற தோல்வார்ல மட்டும் முதுகு முன்னாடி போகணும், திருப்பும்போதும் முதுகு மேலயே உருட்டணும். வார் தொய்ஞ்சா கூர் மழுங்கிடும். டேப் விஷயத்துல நான் சொன்னதுதான்.